இருபதைத் தாண்டாத சென்சார்

சனிக்கிழமை மதியம், மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் பக்கத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, போனில் ஓடிய வண்டி ஸ்கேனர் ஆப் ‘எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று 57 டிகிரி’ என்று காட்டியது. வெயிலில் நின்ற வண்டி, கொதிக்கும் பானெட், அதற்கு ஏற்ற எண். மூன்று வாரமாக இந்த எண் 20-ஐத் தாண்டியதே இல்லை. “சரியாயிடுச்சும்மா” என்று பின்சீட்டுப் பக்கம் திரும்பிச் சொன்னேன். அம்மாவுக்கு 57 என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் “இன்னைக்குப் பெட்ரோல் வாடையே இல்ல” என்றார். எனக்கு அது போதும்.

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். வீடு ஊட்டி பிங்கர்போஸ்ட் பக்கம். அம்மாவின் கண் சிகிச்சைக்காக மாதம் இரண்டு தடவை கோவைக்கு இறங்குகிறோம். டிசம்பர் கடைசியில்தான் தொந்தரவு தொடங்கியது. ஊட்டிக்குள் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. குன்னூர் தாண்டி, பர்லியார் தாண்டி, கல்லாறு வந்து சமவெளி சூட்டில் வண்டி நின்றதும், ஐடிலில் பெட்ரோல் வாடை உள்ளே வரும். திரும்பி ஏறும்போது இரண்டாம் கியரில் மிதித்தால் கண்ணாடியில் கறுப்புப் புகை தெரியும். கோவை போய்வர லிட்டருக்கு 14.5 கொடுத்த வண்டி 12-க்கு இறங்கியிருந்தது. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “மலை வண்டி அப்படித்தாங்க, காத்து கம்மி.” ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று அடர்த்தி குறைவு, அது உண்மை. ஆனால் என் வண்டி மேலே நன்றாக ஓடி, கீழே போய்த்தான் திணறியது. உயரம்தான் காரணம் என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி முதல் நாளே மனதில் வந்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். பிடிக்கவில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நான்கும் உலர்ந்த கரி பூசியது போல இருந்தன. விரலால் தொட்டால் அடுப்புக்கரி மாதிரி ஒட்டியது. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நான் என்ன செய்தேன்? சாட்சியை மாற்றினேன். புது பிளக் நான்கு 560 ரூபாய், ஏர் ஃபில்டர் 310. அடுத்த தடவை கோவை போய் வந்ததும் புது பிளக்கும் கறுத்துவிட்டது.

அப்புறம்தான் 750 ரூபாய்க்கு புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, பழுது பார்ப்பதற்காக இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகினால் போனில் எண்கள் ஓடும். பழுதைச் சொல்லும் கோடு (code) எதுவும் பதிவாகியிருக்கவில்லை. நேரடி எண்களைப் பார்த்தேன். சாவியை ஆன் செய்து எஞ்சினைக் கிளப்பாமல் வைத்தால் மேப் சென்சார், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். 77 கிலோபாஸ்கல் காட்டியது. ஊட்டிக்கு அது சரியான எண். கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், 6 டிகிரி. உள்ளிழுக்கும் காற்று மைனஸ் 3.

ஜனவரி, காலை ஆறரை மணி. வாசலில் புல் மேல் வெள்ளையாக உறைபனி. மைனஸ் 3 என்பதைப் பார்த்ததும், ‘ஆமாம், இன்று நல்ல குளிர்’ என்று நினைத்துக் கடந்துவிட்டேன். இந்தப் பழுதில் நான் செய்த பெரிய தவறு இதுதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் கூலன்டும் எஞ்சினுக்குள் போகும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருக்கலாம். 9 டிகிரி வித்தியாசம் என்றால் இரண்டில் ஒரு சென்சார் தவறாகச் சொல்கிறது. காசு செலவில்லாத சோதனை இது, ஒரு கருவியையும் கழற்ற வேண்டாம். நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதி வைத்திருந்தேன். ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இல்லை.

செக் எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் இங்கேதான் புரிகிறது. காற்று வெப்ப சென்சாரின் வயர் முழுக்க அறுந்தால் எஞ்சினை இயக்கும் கணினியான இ.சி.யு. மைனஸ் 40 என்று படித்து பி0113 கோடு போடும். ஷார்ட் ஆனால் நூறு டிகிரிக்கும் மேல் படித்து பி0112 போடும். மைனஸ் 3 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஊட்டி ஜனவரியில் நம்பக்கூடிய எண். நான் நம்பியது போலவே அதுவும் நம்பியது.

அடுத்த கோவைப் பயணத்தில் தம்பியை முன்சீட்டில் உட்காரவைத்து, ஸ்கேனர் எண்களை இடம் குறித்து எழுதச் சொன்னேன். குன்னூரில் சாவி ஆன் செய்து பார்த்தபோது அழுத்தம் 81, மேட்டுப்பாளையத்தில் 97. மலை இறங்க இறங்க அழுத்தம் ஏறுவதை வரிவரியாகப் பார்ப்பது அழகாக இருந்தது. காற்று வெப்பம் மட்டும் குன்னூரில் 6, பர்லியாரில் 11, கல்லாறு தாண்டி ஓடும்போது 14. மேட்டுப்பாளையம் நெரிசலில் பதினைந்து நிமிடம் நின்றும் 19-லேயே நின்றுவிட்டது. வெளியே 31 டிகிரி. பானெட்டைத் திறந்து சென்சார் பக்கத்தில் கை வைத்தால் இரண்டு நொடி தாங்கவில்லை. ஸ்கேனரோ 19 என்கிறது.

எஞ்சின் இந்த எண்ணை வைத்துத்தான் காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூட வேண்டும். காற்று 58-ல் இருக்க 18 என்று நம்பினால் கணக்கில் கிட்டத்தட்ட 14 சதவீதம் மிகையாகும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் குறைக்கப் பார்க்கும். ஸ்கேனரில் நீண்டகால எரிபொருள் திருத்தம் மைனஸ் 14 சதவீதம் என்று நின்றதன் பொருள் அதுதான். ஆனால் மேட்டில் முழுக்க மிதிக்கும்போது ஆக்சிஜன் சென்சாரின் பேச்சு எடுபடாது. கல்லாறு ஏற்றத்துக் கறுப்புப் புகை அங்கிருந்து வந்தது.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணனிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்ததுமே சொன்னார்: “டெம்பரேச்சர் சென்சார் போயிருச்சுங்க. மேப் கூடச் சேர்ந்தே வரும், முழுசா மாத்தணும்.” என் வண்டியில் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் இரண்டும் ஒரே உறுப்பு. இன்டேக் மேனிஃபோல்டில் ஒரே ஒரு ஸ்க்ரூவில் பிடித்திருக்கும், வயரைச் செருக நான்கு பின் பிளக். வயரிங்கையும் பார்த்துவிடலாமே என்றேன். பிளக்கைக் கழற்றினார். ஸ்கேனர் மைனஸ் 40 காட்டியது. “பாருங்க, லைன் நல்லாருக்கு” என்றார். எனக்கும் சரி என்றே பட்டது.

இது பாதிச் சோதனை மட்டுமே என்று பிறகுதான் தெரிந்தது. பிளக்கைக் கழற்றினால், வயர் எங்கும் ஷார்ட் ஆகாதவரை, நல்லதோ கெட்டதோ, மைனஸ் 40 தான் வரும். லைன் திறந்திருக்கிறது என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. கோவையில் 1,450 ரூபாய் கொடுத்து ஒரிஜினல் சென்சார் வாங்கி மாட்டினேன். மறுநாள் காலை கூலன்ட் 7, காற்று மைனஸ் 2.

அன்றைக்கு மனசு விட்டுப்போனது உண்மை. எலெக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கடையில் முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சரி, இனி ஊகத்தின் பேரில் எதுவும் வாங்குவதில்லை, அளந்துதான் அடுத்த அடி என்று முடிவு செய்து பழைய சென்சார், புது சென்சார் இரண்டையும் சமையலறைக்குக் கொண்டு போனேன்.

இந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, வெப்பத்துக்கான பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அளக்க வேண்டும். அழுத்தம் அளக்கும் துளைக்குள் தண்ணீர் போனால் சென்சாரே வீணாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் மெல்லிய பாலிதீன் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வயரோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டினேன். பக்கத்திலேயே சமையல் தெர்மாமீட்டர். முதலில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளர். ஐந்து நிமிடம் பொறுத்த பிறகு பழையது 5.85 கிலோ ஓம், புதியது 5.9. அறை வெப்பம் 17-ல் இரண்டுமே 2.8 சொச்சம். பிறகு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டேன். தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டர் 92-லேயே நிற்கிறது. தெர்மாமீட்டரும் பழுதோ என்று ஒரு நிமிடம் திகைத்து, அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, இந்த உயரத்தில் தண்ணீர் 100-ல் கொதிக்காது, 92, 93-லேயே கொதித்துவிடும். மலையில் பருப்பு குக்கர் இல்லாமல் வேகாததும் இதனால்தான். மலைமேல் சென்சார் சோதிப்பவர்கள் கொதிநீரை 100 என்று எடுத்துக்கொண்டால் நல்ல சென்சாரையும் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். 92-ல் பழையது 236 ஓம், புதியது 233.

பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் வயரில்தான். ஆனால் எந்த வயரில்? நான்கு வயரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று அழுத்தத்தின் சிக்னல், ஒன்று வெப்பத்தின் சிக்னல். 5 வோல்ட் அழுத்தத்துக்கு மட்டும், எர்த் இரண்டு வேலைக்கும் பொது. அவற்றில் கோளாறு என்றால் அழுத்தமும் தப்பாகக் காட்டியிருக்கும். ஊட்டியில் 77, குன்னூரில் 81, மேட்டுப்பாளையத்தில் 97 என்று அது ஒழுங்காகவே சொன்னது. ஆக மிச்சம் ஒரே வயர்.

அதை உறுதி செய்ய ரேடியோ ரிப்பேர் கடையில் இரண்டு ரெசிஸ்டர் வாங்கினேன், ஒன்று 2 ரூபாய். கடைக்காரப் பெரியவர் “எதுக்குத் தம்பி?” என்று கேட்டார். கார் சென்சாருக்குப் பதிலாக மாட்டிப் பார்க்க என்றதும், “அதுதான் சரியான வழி” என்று மேலும் ஒன்றைச் சும்மா கொடுத்தார். இந்தச் சோதனையைப் பலர் வெறும் வயர் துண்டால் ஷார்ட் செய்து பார்ப்பார்கள். கை தவறி 5 வோல்ட் பின்னில் பட்டால் வம்பு என்பதால் நான் ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுத்தேன். 1 கிலோ ஓம் என்பது இந்தச் சென்சாருக்கு ஏறக்குறைய 45 டிகிரி. பிளக்கின் வண்டிப் பக்கத்தில், வெப்ப சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவில் செருகினேன். 45 வர வேண்டிய இடத்தில் 16 வந்தது. 470 ஓம் செருகினேன். 68 வர வேண்டும், 20 வந்தது.

இந்த இரண்டு எண்களையும் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 டிகிரி என்றால் இ.சி.யு. கண்ணுக்குத் தெரிவது சுமார் 3 கிலோ ஓம். நான் வைத்தது 1. 20 டிகிரி என்றால் 2.5 கிலோ ஓம். நான் வைத்தது அரைக்கும் குறைவு. இரண்டு தடவையும் நடுவில் 2 கிலோ ஓம் அதிகமாக இருக்கிறது. எல்லாமே அந்த நொடியில் பொருந்திவிட்டது. குளிரில் சென்சாரே 4, 5 கிலோ ஓம் இருக்கும், அதோடு 2 சேர்ந்தால் எட்டு, ஒன்பது டிகிரிதான் தப்பும். சூட்டில் சென்சார் அரை கிலோ ஓமுக்குச் சரிந்துவிடும், அதோடு 2 சேர்ந்தால் நாற்பது டிகிரி தப்பும். ஊட்டியில் ஒளிந்திருந்து மேட்டுப்பாளையத்தில் வெளிப்பட்டது இதனால்தான். முதல் நாள் கேட்ட கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது.

வயரைப் பிளக்கிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சாண் தூரத்தில், பேட்டரி தட்டுக்குப் பின்னால், கறுப்பு டேப்புக்கு அடியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எலி கடித்து ஒரு பட்டறையில் வயர் ஒட்டுப் போட்டது நினைவுக்கு வந்தது. டேப்பைப் பிரித்தேன். பசை உருகி விரலில் பிசுபிசுத்தது. உள்ளே இரண்டு முனையையும் வெறுமனே முறுக்கிவிட்டிருந்தார்கள், ஈயம் வைக்கவில்லை. செம்பு இழைகளில் பாதி பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. லேசாக ஊதினால் பொடி பறந்தது. ஊட்டி மூடுபனியில் இரண்டு மழைக்காலம் தாங்கிய ஒட்டு அவ்வளவுதான். பழைய சென்சாரை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஒட்டின் இரு பக்கமும் ஊசி குத்தி வோல்ட் பார்த்தேன். இ.சி.யு. பக்கம் 3.3, சென்சார் பக்கம் 1.9. ஒரு அங்குல ஒட்டிலேயே 1.4 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

பழுது பார்க்க அரை மணி போதும் என்று நினைத்தேன், ஒரு பொழுது ஆனது. 10-ஆம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஒட்டை வெட்டி எறிந்தேன். இன்சுலேஷனை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. பச்சை உள்ளே ஏறியிருக்கிறது. இன்னும் வெட்டினேன். பளபளக்கும் செம்பு வரும்போது சென்சார் பக்கம் 7 சென்டிமீட்டர், மறுபக்கம் 3 சென்டிமீட்டர் போயிருந்தது. நடுவில் சேர்க்க 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 15 சென்டிமீட்டர் துண்டு எடுத்தேன். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டையாக உருண்டு ஓடிவிடும். அதனால் வெட்டுவதற்குத் தயங்கக் கூடாது.

என்னிடம் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன். வீட்டுக்குள் நன்றாக வேலை செய்யும். வாசலில் காலை காற்றில் முனை சூடே பிடிக்கவில்லை, ஈயம் மணல் போலக் கரகரப்பாக உறைந்தது. அது உறுதியான ஒட்டல்ல. எடுத்துவிட்டு, வெயில் வரும்வரை காத்திருந்து, இரண்டு மணிக்கு அட்டைப்பெட்டி ஒன்றைக் காற்றுக்கு மறைப்பாக வைத்துத் திரும்பச் செய்தேன். இந்த முறை ஈயம் இழைகளுக்குள் வழிந்து கண்ணாடி போல மின்னியது. முதல் முனையில் ஹீட் ஷ்ரிங்க் டியூபை முன்கூட்டியே வயரில் நுழைக்க மறந்து, ஒட்டை மறுபடி பிரிக்க வேண்டியிருந்தது. டியூப், அப்புறம் ஈயம் என்ற வரிசையை மாற்ற முடியாது. உள்பக்கம் பசை உள்ள டியூபாகப் பார்த்து வாங்கியிருந்தேன். லைட்டரால் சுருக்கும்போது இரு முனையிலும் பசை கொஞ்சம் பிதுங்கி வந்தது. இனிப் பனி உள்ளே போகாது என்பதற்கு அதுதான் அடையாளம். மேலே நெளிவுக் குழாய், துணி டேப்.

பேட்டரியை மாட்டி மறுபடியும் வோல்ட் பார்த்தேன். இப்போது சென்சார் பின்னில் 2.7 வோல்ட், ஸ்கேனரில் 17 டிகிரி, தெர்மாமீட்டரிலும் 17. மறுநாள் காலை கூலன்ட் 5, காற்று 5. சனிக்கிழமை கல்லாறு தாண்டி ஓடும்போது 41, நெரிசலில் 57. எரிபொருள் திருத்தம் மைனஸ் 14-லிருந்து மெல்ல ஏறி, வீடு திரும்பும்போது மைனஸ் 2. லிட்டருக்கு 14.2 கொடுத்தது. பர்லியார் ஏற்றத்தில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், புகை இல்லை.

மொத்தச் செலவு: பிளக், ஃபில்டர், புது சென்சார் சேர்த்து 2,320 ரூபாய். இதில் எதுவும் பழுதைத் தீர்க்கவில்லை. தீர்த்தவை ரெசிஸ்டர் 4 ரூபாய், வயரும் டியூபும் ஈயமும் 140 ரூபாய். ஸ்கேனர் 750, மல்டிமீட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. ஸ்கேனருக்குக் கொடுத்த காசை நான் செலவாகவே எண்ணவில்லை.

இன்னொரு தடவை இப்படி வந்தால் காலை ஆறரைக்கு, எஞ்சினைக் கிளப்பும் முன் கூலன்டையும் காற்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பேன். வித்தியாசம் இருந்தால் நேரே ரெசிஸ்டர். சென்சாரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். மெக்கானிக் அண்ணனிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த 470 ஓம் ரெசிஸ்டரைக் கேட்டு வாங்கி, காலண்டர் ஆணியில் தொங்கவிட்டுக்கொண்டார்.

புது சென்சார் கவரோடு டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது. அதே டேப்புக்கு அடியில் இன்னும் இரண்டு முறுக்கு ஒட்டுகள் இருந்தன, ஒன்று ஹாரன், ஒன்று வாஷர் மோட்டார். இரண்டிலும் பச்சை தொடங்கிவிட்டது. வரும் ஞாயிறு மதியம் வெயில் இருந்தால் அவற்றையும் வெட்டி ஈயம் வைக்க வேண்டும். டியூப் மூன்று துண்டு மிச்சம் இருக்கிறது.